ஆறு எல்லையாக இல்லாத வரைபடம்

போன மார்கழியில் கும்பகோணத்தில் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சோழர் காலத்து ஆட்சிமுறை பற்றிய ஆய்வு நூல், எழுதியவரும் மேடையில் இருந்தார். மூன்று பேர் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். சோழ அரசு கெட்டியான மைய அரசா, இல்லை தலைக்கு ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்கு இயங்கிய நாடுகளின், அதாவது பல ஊர்கள் சேர்ந்த வட்டாரங்களின் கூட்டமா என்ற பழைய வழக்கு மறுபடியும் எழுந்தது, கைதட்டலும் வந்தது. கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். கட்டம் போட்ட துண்டு, கையில் மஞ்சப்பை. “ஐயா, கல்வெட்டுல ஓர் ஊர் பேரு இருக்குது. அது இப்ப இருக்கிற இன்ன ஊருதான்னு எப்படி முடிவு பண்றீங்க? ஒரே பேருல நாலு ஊரு இருக்குதுங்களே” என்று கேட்டார். நூலாசிரியர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிட்டார். அதற்குள் கூட்டத்தை நடத்தியவர், அது ரொம்ப நுட்பமான விஷயம், தனியாகப் பேசிக்கொள்ளலாம், நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த கேள்வி, சோழர்கள் உலகத்துக்கே முன்னோடிகளா என்பது. அதற்குப் பத்து நிமிடம் கிடைத்தது.

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். அது என் மனசில் உட்கார்ந்துகொண்டது. அன்று கேட்கப்பட்டதிலேயே பெரிய கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத்தான் சிலர் தங்கள் இளமையைக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை விட முடியவில்லை.

அப்பாவும் அந்த ஜெராக்ஸ் தாள்களும்

கல்லூரியில் இந்த வழக்கை ஒரு பெரிய வினாவாகத்தான் படித்தேன். ஒரு பக்கம் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, சோழப் பேரரசைக் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்துக்கு ஒப்பிட்டுச் சொன்னவர். எதிர்ப்பக்கம் பர்ட்டன் ஸ்டெயின், 1980இல் வந்த அவருடைய நூலில் கூறாக்க அரசு என்ற கருத்தை வைத்தவர்: நாடுகள்தான் உண்மையான அதிகார மையங்கள், அரசனுக்கு இருந்தது பெரும்பாலும் சடங்குத் தலைமைதான் என்பது அதன் சாரம். அவருக்கு மறுப்பாக ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் நம்மூர்க் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும். நாலு பெயர், நாலு நிலைப்பாடு. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த நாலு பேரும் எதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிப் பேசினார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நூலகத்தில் சுப்பராயலுவின் முதல் நூல் கிடைத்தது. சோழ நாட்டின் அரசியல் புவியியலைப் பற்றிய ஆங்கில நூல், 1973இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது. முழுக்க ஊர்ப் பெயர்ப் பட்டியல், நாட்டுப் பெயர்ப் பட்டியல், வரைபடங்கள். படிக்க முடியாத புத்தகம் என்று முடிவு கட்டினேன். வரைபடங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குக் கொண்டுபோனேன், அப்பாவுக்குக் காட்டலாமே என்று. அப்பா நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கிலியும் புலப்படமும் எல்லைக்கல்லுமாக முப்பது வருஷம் வயல் வரப்பில் நடந்தவர். எங்கள் ஊர் திருவிடைமருதூர்ப் பக்கம், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில்.

தாள்களைத் திண்ணையில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் செங்கல் துண்டு வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் எங்கள் ஊர் எந்த நாட்டில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்க, அவர் ஊரைத் தேடவில்லை. முதலில் ஆறுகளைத் தேடினார். நீலப் பென்சிலால் காவிரி மேல் கோடு போட்டார், அப்புறம் அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு. மங்கிப்போன ஜெராக்ஸில் அதுவரை எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தவை எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தன. கோடு போட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். “என்னம்மா இது, ஆத்தை எல்லையா வெக்காம நடுவுல ஓட விட்டிருக்காங்களே?”

பார்த்தேன். நாட்டு எல்லைகள் பல இடத்தில் ஆற்றைத் தாண்டிப் போயின. ஒரே நாட்டின் ஊர்கள் இரண்டு கரையிலும் கிடந்தன. வரைந்தவர் தப்பாகப் போட்டிருப்பாரோ என்று கேட்டேன். அப்பா தலையை ஆட்டினார். “இவ்வளவு ஊரைத் தேடிக் குறிச்சவருக்கு ஆறு தெரியாதா? தண்ணி வர்ற தலைப்பு அக்கரையில இருந்தா அக்கரைக்காரன்கிட்டதானே பேசணும். அவனும் நீயும் ஒரு கூட்டத்துல உக்காந்தாத்தானே முறை வெச்சுத் தண்ணி பாயும்.” இது அப்பாவின் விளக்கம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறுபடியும் நூலகத்துக்குப் போய், படிக்க முடியாது என்று ஒதுக்கிய பக்கங்களுக்குள் நுழைந்தபோது, சுப்பராயலு அந்த விஷயத்தை எழுதியே வைத்திருப்பது தெரிந்தது. நாடுகளுக்கு ஆறுகள் இயற்கை எல்லையாக இல்லை, பல நாடுகள் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருக்கின்றன, ஆகவே நாடு என்பது மேலிருந்து யாரோ கோடு கிழித்துப் பிரித்த பிரிவு அல்ல, உழவூர்கள் தாங்களாகச் சேர்ந்து உருவான தொகுதி என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. நான் மூன்று வரியில் மனப்பாடம் செய்த கருத்து ஆயிரத்துச் சொச்சம் ஊர்களை ஒவ்வொன்றாகத் தாளில் வைத்த பிறகு கிடைத்தது.

இதன் மறுபக்கம் இன்னும் எனக்குப் பிடித்தது. முதலாம் ராஜராஜன் கி.பி. 1000ஐ ஒட்டி வளநாடு என்று ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தான். பல நாடுகளைச் சேர்த்து ஒரு வளநாடு, அதற்குத் தன் பட்டப் பெயர்களில் ஒன்று: அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, சத்திரியசிகாமணி வளநாடு. இவற்றுக்கு ஆறுகள்தான் எல்லை. எங்கள் பக்கம் உய்யக்கொண்டார் வளநாடு, அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவே. அரிசில்தான் இன்றைய அரசலாறு. ஆற்றை எல்லையாகப் பிடித்ததால் சில நாடுகள் பிளந்து இரண்டு வளநாட்டுக்குள் போயின. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “ஆபீஸ்ல உக்காந்து பிரிக்கிறவன் ஆத்தைத்தான் பிடிப்பான். நாங்களும் அப்படித்தான் பிடிச்சோம்” என்றார். ஊர்க்காரர்கள் சேர்ந்த விதம் ஒன்று, அரசன் பிரித்த விதம் வேறு. இரண்டும் ஒரே தாளில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

ஒரு வரைபடம், இரண்டு வழக்கறிஞர்கள்

இந்த இடத்தில்தான் என் பரீட்சை விடை எனக்குள் உடைந்தது. கூறாக்க அரசு என்று வாதாடிய ஸ்டெயின், நாடுகளைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதும் நம்பியது சுப்பராயலுவின் அந்த உழைப்பைத்தான். நாடுகள் தாங்களாக உருவானவை என்றால் அவை தாங்களாகவே இயங்கியிருக்கும் என்பது அவர் வாதத்தின் ஒரு கால். அதே உழைப்பை வைத்துச் சுப்பராயலுவும் கராஷிமாவும் வேறு திசையில் போனார்கள்: தானாக உருவான நாட்டை ஆற்றை வைத்து வெட்டிப் புது வளநாடு அமைக்கிற அளவுக்கு ஓர் அரசனுக்குக் கை நீண்டிருக்கிறது, அந்தக் கை எங்கே வரை போனது என்று பார்க்க வேண்டாமா என்று. வரைபடத்தின் ஒரு படலத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தார், இன்னொரு படலத்தை மற்றவர்கள். எதிரெதிர்க் கட்சி என்று நான் படித்தவர்கள் ஒரே தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

ஸ்டெயின் அந்தக் கருத்தின் அச்சை எடுத்தது எய்டன் சவுத்தால் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆலூர் மக்களைப் பற்றிச் செய்த ஆய்விலிருந்து. கராஷிமா தொடங்கியதோ திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கிற அல்லூரிலிருந்து. ஆலூர், அல்லூர். இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒருமுறை கவனித்துவிட்டால் மறக்காது.

அல்லூரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கராஷிமா 1966இல் எழுதிய கட்டுரை அது, அவருடைய 1984ஆம் வருஷத்து நூலிலும் அது இருக்கிறது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள்மேல் அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, அதற்குப் பொருந்துகிற கல்வெட்டை ஒன்று காஞ்சிபுரத்திலிருந்து, ஒன்று திருநெல்வேலியிலிருந்து, நூறு வருஷ இடைவெளியில் பொறுக்கி எடுத்து ஒட்டுகிறார்கள் என்பது. அதனால் அவர் ஒரே இடத்தை எடுத்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு, அல்லூர், ஈசானமங்கலம். முன்னது வேளாண் ஊர், பின்னது பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊர். கோயிலுக்கு நிலம் விற்ற கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: விற்றது யார்? ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள், பெயர் சொல்லி விற்கிறார்கள். அல்லூரில் ஊரார், சேர்ந்து விற்கிறார்கள். ஒரு பக்கம் தனியுடைமை, இன்னொரு பக்கம் பொதுவுடைமை, நடுவில் ஒரு வரப்பு. பிறகு 13ஆம் நூற்றாண்டு வரை வந்து பார்த்தால் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனி ஆட்கள் நிலம் வைத்திருக்கிறார்கள், விற்கிறார்கள், சிலர் கையில் நிறையவே சேர்ந்திருக்கிறது. இடையில் கிராமத்துக்குள் ஏதோ பெரிதாக மாறியிருக்கிறது என்று அவர் எழுதும்போது நமக்கு நம்பாமல் இருக்க வழியில்லை, ஏனென்றால் அவர் நம்மைக் கையைப் பிடித்து வாசல் வாசலாகக் கூட்டிப்போயிருக்கிறார்.

பெயர்களை எண்ணியவர்கள்

1978இல் கராஷிமா, சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வருகிற ஆட்பெயர்களுக்கு ஒரு தொகுப்பகராதி போட்டார்கள், மூன்று தொகுதி, மதுரையில் அச்சானது. ஆயிரக்கணக்கான பெயர்கள், ஒவ்வொன்றும் எந்தக் கல்வெட்டில், எந்த வருஷம், எந்த ஊரில், பெயரோடு என்ன பட்டம் ஒட்டியிருக்கிறது என்று. இப்படி ஒரு காரியத்தில் ஏன் வருஷக்கணக்கில் இறங்கினார்கள் என்று முன்பு எனக்குப் புரிந்ததில்லை. வரைபடத்துக்குப் பிறகு புரிந்தது.

சோழர் காலத்தை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள்: 849 முதல் 985, 985 முதல் 1070, 1070 முதல் 1178, 1178 முதல் 1279. பெயருக்குப் பின்னால் வருகிற சொல்லைப் பாருங்கள். இன்ன ஊர் உடையான் என்றால் அந்த ஊரில் நிலம் உள்ளவன். மூவேந்தவேளான் என்றால் அரசன் கொடுத்த பட்டம், பெரும்பாலும் அதிகாரத்தில் இருக்கிறவனுக்கு. இந்த மூவேந்தவேளான்கள் இரண்டாவது காலத்தில், அதாவது ராஜராஜனும் ராஜேந்திரனும் ஆண்ட காலத்தை உள்ளடக்கிய அந்தப் பகுதியில், பெருகி நிற்கிறார்கள், அப்புறம் குறைகிறார்கள். அரையன், நாடாழ்வான் போன்ற பட்டங்கள் பிற்பாடு எழுகின்றன. வளநாடு அமைத்த அதே கை தன் ஆட்களையும் நாடெங்கும் நட்டிருக்கிறது, பின்னால் அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது என்பதை ஒரு தனிக் கல்வெட்டு சொல்லாது. கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடுகிற எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாது. எல்லாப் பெயரையும் எண்ணினால்தான் தெரியும். எண்ணியவர்கள் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இதில் ருசி ஏற்பட்டு, கல்வெட்டில் நில அளவு எப்படி இருக்கும் என்று கேட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வேலி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, கீழ் முந்திரிகை, அதற்கும் கீழ் என்று போய், ஒரு வேலியில் 5242,88,00,000இல் ஒரு பங்கு வரை குறித்திருப்பதைச் சொன்னேன். பழைய கணக்கு நோட்டு ஒன்றின் பின் அட்டையில் பென்சிலால் பெருக்கி வகுத்தார். இன்றைய வேலிக் கணக்குப்படி ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதிதான் வருகிறது. “இது சங்கிலியில வர்ற அளவு இல்ல. வரிக்காக வகுத்துக்கிட்டே போனப்ப மிச்சமா நின்ன கணக்கு. நின்னதை விடாம எழுதிட்டான் அந்தக் கணக்கன்” என்றார். சொல்லும்போது அவர் குரலில், தன்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசுகிற தொனி இருந்தது.

அந்தப் பெரியவருக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒரே பேரில் நாலு ஊர் இருக்கிறதே, எப்படி முடிவு செய்கிறார்கள்? எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். கல்வெட்டு இருக்கிற கோயிலே அந்த ஊரைத் தன் ஊராகச் சொன்னால் வேலை சுலபம். இல்லாதபோது, கல்வெட்டு ஊர்ப் பெயரை மட்டும் தனியாகச் சொல்வதில்லை, இன்ன வளநாட்டு இன்ன நாட்டு இன்ன ஊர் என்று வரிசையாகச் சொல்லும். அந்த நாட்டின் மற்ற ஊர்கள் எங்கே கிடக்கின்றன என்று தெரிந்தால், அதே பெயருள்ள நாலில் மூன்று தானாக உதிர்ந்துவிடும். அப்புறம் நிலம் கொடுத்த கல்வெட்டில் நான்கெல்லை வரும்: கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்பாற்கெல்லை இன்ன ஊர் எல்லைக்கு வடக்கு என்று. அந்தப் பக்கத்து ஊரும் வாய்க்காலும் இன்னும் பெயர் மாறாமல் இருந்தால், நடுவில் இருப்பது எது என்று பிடித்துவிடலாம். தெரிந்த கல்லிலிருந்து தெரியாத கல்லுக்குப் போவது என்று அப்பா இதைச் சொல்வார், தொலைந்த எல்லைக்கல்லை அவர்களும் அப்படித்தான் தேடுவார்களாம்.

பெயர் தேய்ந்திருந்தால் தேய்ந்த விதம் தெரிய வேண்டும். குடவாயில் குடவாசல் ஆனது, அரிசில் அரசல் ஆனது. பிரமதேயங்களில் சிக்கல் அதிகம். அரசன் பட்டத்தை வைத்து இன்ன சதுர்வேதிமங்கலம் என்று ஒரு பெயர் ஏறும், ஆட்சி மாறினால் வேறு பெயர் ஏறும், கடைசியில் இரண்டும் போய்ப் பழைய பெயரே நிற்கும் அல்லது எதுவும் நிற்காது. ஒரே ஊரை மூன்று ஊராக எண்ணிவிடுகிற ஆபத்து அங்கே இருக்கிறது. ஓர் ஊரைத் தப்பான இடத்தில் வைத்தால் நாட்டின் எல்லை நகரும், எல்லை நகர்ந்தால் அது ஆற்றைத் தாண்டியதா இல்லையா என்பதே மாறும், அப்புறம் மேலே எழுப்பிய வாதம் அத்தனையும் ஆடும். ஐயா கேட்டது அந்த அஸ்திவாரத்தைத்தான்.

அதனால்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஓர் ஆய்வாளர் பத்து, பதினைந்து வருஷம் ஒரு புத்தகத்தோடு வாழ்ந்துவிட்டு வருகிறார். எந்த ஊரை வைக்க முடியாமல் எத்தனை நாள் தவித்தார், எந்த ஊரை வைத்துவிட்டு அப்புறம் எடுத்து வேறு இடத்தில் வைத்தார், முதலில் என்ன நினைத்துக்கொண்டு போனார், எந்தக் கல்வெட்டு அதைக் கலைத்தது என்று அவர் வாயால் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. நாம் அவரிடம் முடிவை மட்டும் கேட்கிறோம், அதுவும் நமக்குப் பெருமை தருகிற முடிவாக இருந்தால். முடிவு புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே இருக்கிறது, பேருந்துக்குக் காசு செலவழித்துக் கும்பகோணம் வந்து கேட்க வேண்டியதில்லை. அந்த நூலாசிரியர் ஒலிவாங்கியை எடுத்த வேகத்தை நான் பார்த்தேன். யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி எடுத்தார்.

ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு, பார்வை குறைந்துவிட்டது, அந்த ஜெராக்ஸ் தாள்களைப் பீரோவில் வைத்திருக்கிறார், நீலக் கோடுகள் மங்கிவிட்டன. முழுசாகக் கேட்டுவிட்டு, “அவரு எந்த ஊரு? எந்த நாலு ஊரைச் சொன்னாரு?” என்றார். கேட்கவில்லை என்றேன். “போன் நம்பராவது வாங்கினியா?” வாங்கவில்லை. கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது அவர் போயிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சும்மா யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், அவர் ஊரைப் பற்றிக் கல்வெட்டில் ஏதோ இருக்கிறது, அது தன் ஊர்தானா என்று தெரியாமல் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

ஐயா, இதை நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ படித்தால் கீழே ஒரு வரி எழுதுங்கள். ஊர்ப் பெயரையும், கல்வெட்டு எந்தக் கோயிலில் இருக்கிறது என்பதையும், உங்கள் ஊருக்குக் கிழக்கே ஓடுகிற வாய்க்காலின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள். வாய்க்கால் பெயரைக் கட்டாயம் கேட்கச் சொன்னது அப்பா.